உலை வைக்கச் சொன்ன பாட்டு

என் கல்யாணத்தில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி. நாள் பார்த்தது பெரியவர்கள். மாப்பிள்ளை அத்தை மகன் என்பதால் பிடித்திருக்கிறதா என்ற பேச்சே எழவில்லை. கூறைச்சேலை எடுக்க வீட்டுப் பெண்கள் எல்லாரும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போனார்கள். நான் வீட்டில் உளுந்து நனையப் போட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பொடியன் ஓடிவந்து, கிழித்த சிகரெட் அட்டை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினான். உட்பக்க வெள்ளையில் பென்சில் எழுத்து: ‘விடியக்காலம் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. ரெண்டாவது என்ன போடச் சொல்ல?’

கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இப்படிக் கேட்கக்கூடியவர் ஒருவர்தான். அத்தான் ரேடியோ செட் வைத்திருந்தார்.

ரேடியோ செட் என்பது வானொலிப் பெட்டி இல்லை. கல்யாணம், சடங்கு, கோவில் கொடை என்று எந்த விசேஷம் வந்தாலும் போய்ப் பாட்டுப் போடுகிற தொழிலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒரு ஆம்பிளி, ஒரு பிளேயர், மைக் ஒன்று, கூம்புக் குழாய் நாலு, கரண்ட் வராத ஊர்களுக்கு 12 வோல்ட் பேட்டரி, தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வயர்ச் சுருள்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிளேட்டுப் பெட்டி. தகரத்தில் செய்த பெட்டி. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் நடுவில் பழைய வேட்டித் துணி மடித்து வைத்திருக்கும். மாமா காலத்து அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், கை தவறினால் அப்பளம்தான். அத்தான் காலத்தில் வந்தவை வளைந்தாலும் உடையாத சின்னத் தட்டுகள். பெட்டியைப் பஸ்ஸின் கூரையில் ஏற்ற விடமாட்டார். மடியில் வைத்துக்கொண்டு வருவார், பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி.

அந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை வரிசை உண்டு. முதலில் பிள்ளையார், பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில். பிறகு முருகன், அம்மன். மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னதும் பாட்டு மாறும். தாலி கட்டுகிற நேரம் ஊசியைத் தூக்கிவிட வேண்டும், அது மேளக்காரரின் நேரம். கெட்டிமேளம் ஓய்ந்து ஒரு மூச்சு விட்டபிறகுதான் மறுபடி பிளேட்டு சுற்றும். பந்திக்கு டி.எம்.எஸ்., சுசீலா, எல்.ஆர். ஈஸ்வரி. நடுவில் மொய் வாசிப்பு. எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் சோகப் பாட்டு கல்யாண வீட்டில் ஒலிக்கக் கூடாது. மெட்டு மட்டும் உற்சாகமாக இருந்து வரியில் பிரிவு வந்தாலும் கூடாது. வரி வரியாகக் கேட்டு ஒதுக்கி வைப்பதில் அத்தானுக்குக் கோவில் பூசாரி அளவுக்கு ஆசாரம்.

அந்தச் சிகரெட் அட்டையை வைத்துக்கொண்டு நான் ஒரு முழுப் பகல் யோசித்தேன். அன்றுவரை எனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து பாடியதில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் கடவுள் வாழ்த்துப் பாட எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் டீச்சர் என் முன்னால் வந்து நின்று, “உனக்குக் கட்டைக் குரல். நீ பாட வேண்டாம், உதட்டை மட்டும் அசை” என்றார். வருஷம் முழுவதும் உதட்டை அசைத்தேன். பிறகு நானே ஆசிரியை ஆகி 34 வருஷம் பாடம் நடத்தினேன். எந்தப் பிள்ளையையும் வரிசையிலிருந்து எடுத்ததில்லை. ஆனால் நான் பாடவில்லை. என் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதுகூட அத்தைதான் தாலாட்டுப் பாடினாள்.

அட்டையின் மறுபக்கத்தில் ‘கொஞ்சும் சலங்கை, ஜானகி, காருகுறிச்சி’ என்று மூன்றே பெயர் எழுதிப் பொடியனிடம் கொடுத்தனுப்பினேன்.

1962-இல் வந்த படம். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கூடவே வரும். பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதுபோல இருக்காது. அவர் ஒன்று சொல்வார், அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு வேறொன்று சொல்வார். நாதஸ்வரத்தின் கனத்துக்கு முன்னால் ஒரு பெண்குரல் ஒடுங்கிப் போகாமல், அடித்துப் பிடிக்கவும் செய்யாமல், சமமாக ஏறி நிற்கும். எங்கள் கரிசல்காட்டு ஜனங்களுக்குக் காருகுறிச்சியார் சொந்தக்காரர் மாதிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-இல் நடுவயதிலேயே போய்விட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. இந்த மண்ணில் சோளமும் பருத்தியும்தான் விளையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். விளாத்திகுளம் சுவாமிகளும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சங்கீதம் என்றால் உயிரை விடுகிறவர்களாக இருந்தார்கள். மழை குறைந்த ஊர் காதை நன்றாகத் தீட்டி வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1979 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட முடியாதல்லவா? கழுகுமலைப் பக்கத்திலிருந்து இன்னொரு ரேடியோ செட்காரர் வந்திருந்தார். தொழிலில் போட்டிக்காரர், ஆனால் கூலி வாங்கவில்லை. அத்தான் முந்தின நாள் இராத்திரியே வந்து குழாயில் ஒன்றை எங்கள் வீட்டுக்கு எதிர்த்த வேம்பில் தானே ஏறிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். விடியற்காலம் அஞ்சு மணி. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சீர்காழி பாடி முடித்தார். ஊசி தூக்குகிற கரகரப்பு, பிறகு அடுத்த தட்டில் ஊசி உட்காருகிற சத்தம். நாதஸ்வரம் எடுத்ததும் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “யாருளா இந்தப் பாட்டை விடியக்காலம் போடச் சொன்னது?” என்றாள். நான் சொல்லவில்லை. சீயக்காய்த் தண்ணீர் கண்ணில் இறங்கியதால் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாட்டுக்கு வேறு ஒரு வேலை வந்து சேர்ந்தது. முகூர்த்த மாதங்களில் அத்தான் வீட்டில் தங்குவது அபூர்வம். வைகாசி, ஆவணி, தை என்று கல்யாணங்கள். ஆடியில் கல்யாணம் இல்லையென்றால் கொடை. போன் இல்லாத காலம். எப்போது வருவார், சாப்பிட்டிருப்பாரா, சோறு பொங்க வேண்டுமா என்று தெரியாது. கல்யாண வீட்டில் ஊருக்கெல்லாம் இலை போடுவார்கள், செட்காரருக்கு மிஞ்சினால்தான். பாட்டை விட்டு எழுந்து பந்தியில் உட்கார அவருக்கு மனசும் வராது.

முதல் தை மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். நாலாட்டின்புதூரிலோ இடைசெவலிலோ, எங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில் அவர் செட் போட்டிருந்தால், கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றாகவே இருந்தது. அதே ஜானகி, அதே காருகுறிச்சி. அதற்குப்பின் கூம்பு ஓய்ந்துவிடும். வயரைச் சுருட்டி, குழாயை இறக்கி, சைக்கிளிலோ வண்டியிலோ சாமான் ஏற்றி வீடு வந்து சேர சரியாக ஒரு மணி நேரம். அரிசி களைந்து உலை வைத்துக் குழம்பைச் சுட வைக்கவும் அவ்வளவுதான் ஆகும். இதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மூன்றாவது தடவை சோறு ஆவி பறக்க இருந்ததைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டே, “கேட்டுச்சா?” என்றார். “கேட்டுச்சு அத்தான்” என்றேன்.

கரிசல் சமவெளி. இடையில் குன்றோ பெரிய மரங்களோ கிடையாது. பருத்திக் காட்டின் மேல் பாட்டு தடையில்லாமல் வரும். “ராத்திரி பாட்டு தரையோட வரும்ளா, பகல்ல மேல போயிரும்” என்பார். அதனால் பொழுது சாய்ந்தபின் ஆம்பிளியின் திருகை ஒரு சுற்றுக் குறைத்துவிடுவார். வெகுநாள் கழித்து ஆசிரியர் பயிற்சி ஒன்றில்தான் எனக்குக் காரணம் விளங்கியது. இரவில் தரை குளிர்ந்து தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கிடக்கும். மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி வளைந்து கீழே இறங்குகிறது. பகலில் நேர் எதிராக மேலே வளைகிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். “அதான் சொன்னேன்ல, தரையோட வரும்னு” என்றார்.

மேல்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பாட்டு துண்டு துண்டாக வரும். ஒரு சங்கதி கேட்கும், அடுத்ததைக் காற்று தூக்கிக்கொண்டு போகும், மறுபடி நாதஸ்வரத்தின் முடிவு மட்டும் வந்து விழும். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து விடுபட்டதை மனசுக்குள் நிரப்பிக்கொள்வேன். அப்படித்தான் அந்தப் பாட்டு எனக்கு நெட்டுருவானது.

வீட்டில் அவரோடு பாட்டுக் கேட்பது வேறு மாதிரி. முகூர்த்தம் இல்லாத நாளில் பிளேட்டுகளைத் துடைப்போம். நனைத்துப் பிழிந்த மல் துணியால் நான் துடைப்பேன், தட்டின் வட்டத்தோடே கை போக வேண்டும், குறுக்கே போனால் கீறல் விழும். துடைத்ததை அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஒரு 40 பக்க நோட்டில் நான் பட்டியல் எழுதினேன். எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எங்கே கீறல். கல்யாணத்துக்கு ஆகாத பாட்டைச் சிவப்பு மையில் சுழித்தேன். சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் போட்டுக் கேட்போம். இந்த வரியில் பிரிவு இருக்கிறதா, இல்லை வெறும் ஏக்கமா என்று விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு வாதாடுவோம். ஏக்கம் இருக்கலாம், பிரிவுதான் ஆகாது என்பது என் கட்சி. “பொண்ணோட அம்மா கேட்டுக்கிட்டு இருப்பாளேளா, அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் ஒருநாள். அதன்பின் நோட்டில் சிவப்புச் சுழி கூடிப்போனது.

1976-இல் அன்னக்கிளி வந்ததிலிருந்தே இளையராஜா பாட்டுக்குத்தான் எல்லா ஊரிலும் கிராக்கி. எண்பதுகளில் கேசட் வந்தது. அதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. கேசட் டெக்கும் புது ஆம்பிளியும் வாங்க, என்னிடம் சொல்லாமல் என் வளையல் இரண்டை அடகு வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் திறந்தால் இல்லை. தொழிலுக்குத் தேவை என்பது எனக்குத் தெரியும்; கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேன். எந்தப் பாட்டு வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கேட்ட மனுஷன் இதைக் கேட்கவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. இன்றைக்கும் தாங்கவில்லை, எழுதும்போது கை சூடாகிறது.

பதினோரு நாள் பேசவில்லை. அதில் ஐந்து நாள் பக்கத்து ஊர்களிலேயே வேலை. ஐந்து நாளும் கடைசிப் பாட்டு வரவில்லை. ஏதோ ஒரு புதுப்பாட்டோடு குழாய் ஓய்ந்தது. அவர் வந்து பழையசோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார். நானும் எழவில்லை. பன்னிரண்டாம் நாள் இடைசெவல் பக்கம் ஒரு சடங்கு வீடு. புது டெக்கில் கேசட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பது மணி இருக்கும். கேசட் நின்றது. கரகரப்பு. தட்டில் ஊசி உட்காருகிற அந்தச் சத்தம். அந்தப் பாட்டு முழுக்க வந்தது. முடிந்ததும் ஓயவில்லை, மறுபடி முதலிலிருந்து வந்தது. சடங்கு வீட்டில் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டால் ஏசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது தடவை ஜானகி மேலே ஏறும்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வளையலைத் திருப்ப இரண்டு வருஷம் ஆனது. அதற்குப்பிறகு ஒரு குண்டூசி வாங்கினாலும் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். குறுந்தகடு வந்தது, பெரிய பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்து, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றானது. அந்த விதி சரி என்றுதான் நான் சொல்வேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முகூர்த்த நாள் விடியற்காலம் அஞ்சு மணிக்கு ஊரை எழுப்புகிற பிள்ளையார் பாட்டு நின்றபோது மனசுக்கு என்னவோ போல இருந்தது. கூம்புகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். பிளேட்டுப் பெட்டியையும் பிளேயரையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

காது போய்க்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். பால் பொங்கும்போது ஒரு மெல்லிய சீறல் வருமே, அது அவருக்குக் கேட்கவில்லை. பேத்தியின் கொலுசு கேட்கவில்லை. பேச்சு கேட்டது, சொல் பிடிபடவில்லை. ‘சட்டியை எடுங்க’ என்றால் ‘எந்தக் கட்டி?’ என்றார். திருநெல்வேலியில் பரிசோதித்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவைத் தாளில் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். கீழ்ச்சுருதிப் பக்கம் கோடு ஓரளவு நேராக வந்து, மேலே போகப் போகச் சரிந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் குழியில் விழுந்தது. பெரிய சத்தத்துக்கு அருகிலேயே வருஷக்கணக்கில் இருக்கிறவர்களுக்கு முதலில் அந்த இடம்தான் போகுமாம். காதுக்குள் சுருதி பிடிக்கிற நுண்ணிய மயிர்கள் அழிந்துவிட்டால் திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்து கனத்த ஒலி, கேட்கும். மெய்யெழுத்துகளில் பல மேல்சுருதியில் மெல்லியதாக நிற்பவை, விடுபடும். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவளுக்கு அது சட்டென்று புரிந்தது. முப்பது வருஷம் குழாய் கட்டிய இடத்துக்கு ஏறி, அதன் யூனிட்டில் காதை வைத்துச் சோதித்த மனுஷன். ஊருக்குப் பாட்டுப் போட்டதன் கூலியில் அதுவும் சேர்த்தி.

காதுக்கருவி வாங்கினோம். பேச்சுக்கு உதவுகிறது. பாட்டுக்கு உதவவில்லை, பேச்சுக்கென்று செய்த கருவி, பாட்டின் ஏற்ற இறக்கத்தைத் தட்டிச் சமமாக்கிவிடுகிறது. “தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்குளா” என்று கழற்றி வைத்துவிட்டார். கருவி இல்லாமல் பிளேயரின் மரப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்கிறார். தவில் நன்றாகக் கேட்கிறது. நாதஸ்வரம் அடிப்பகுதி மட்டும், மிச்சத்தை ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்கிறார். ஜானகி கீழே பாடும்போது நூலாக வருகிறது, மேலே ஏறினால் இல்லை.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டதால் இருவரும் பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டார். நாதஸ்வரம் வந்தது, கையால் தொடையில் தாளம் போட்டார். ஜானகி மேலே போகிற இடம் வந்தது. அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று என் முகத்தில்தான் இப்போதெல்லாம் தெரிந்துகொள்கிறார். அந்த வெறும் இடத்தைத் தாண்டி நாதஸ்வரம் திரும்பி வரும்வரை காத்திருப்பார், நான் தலையசைத்ததும் மறுபடி தாளம் தொடங்குவார்.

அன்றைக்கு என்னவோ, நான் தலையசைக்கவில்லை. எழுந்து அவர் வலது காதோரம் போய் உட்கார்ந்து, ஜானகி பாடுகிற அதையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினேன். வாய்க்குள் முணுமுணுக்கவில்லை, வாய் திறந்து பாடினேன். ஐந்தாம் வகுப்பு வரிசைக்குப்பிறகு முதல் தடவை. அறுபது வயதுக்கு மேல் என் குரல் இன்னும் கட்டையாகியிருக்கிறது. சோளத்தட்டை ஒடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திண்ணையில் உட்கார்ந்து காற்று தூக்கிக்கொண்டு போனதையெல்லாம் நிரப்பிப் பழகியிருந்ததால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நாதஸ்வரம் வந்ததும் நிறுத்தினேன். ஜானகி வந்ததும் பாடினேன். அத்தானின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது; தாளம் அதன் வழியாக வந்தது, நிற்கவே இல்லை.

பாட்டு முடிந்தது. ஊசி தட்டின் நடுவட்டத்தில் சுற்றிக்கொண்டே கிடந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்டிருக்காது.

“ரெண்டாவது தடவ மேல போற எடத்துல ஒரு சங்கதிய விட்டுட்டளா” என்றார்.

“எந்த எடம் அத்தான்?”

அவர் ஊசியைத் தூக்கி, தட்டைப் பார்த்து, விரலால் அளந்து, அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.